பங்குனித் திங்களுக்கு நேர்ந்த பால்

கடலை நோக்கிக் குன்றின்மேல் வீற்றிருக்கும் பெருமானே, அவன் இடப்பாகத்தில் அமர்ந்து இத்துறைமுகத்துக்கு வரும் கப்பல்களையும் இவ்வூர்த் தெருக்களில் திரியும் கன்றுகளையும் ஒப்ப நோக்கும் தாயே, எடுத்த கருமம் இடையில் முறியாமல் காக்கும் ஆனைமுகத்தோனே, உங்கள் மூவரையும் வணங்கி இதை எழுதத் தொடங்குகிறேன். சொல்லப்போவது பெரிய காரியம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுப் பசு ஒன்றின் கண்ணையும், அந்தக் கண்ணுக்காக என் மனைவி வைத்த நேர்த்திக்கடனையும் பற்றியது. சொல்லிற் குற்றமிருப்பின் பொறுத்தருள்க.

இன்று ஆடிப்பூரம். அம்மனுக்கு வளையல் சாத்துகிற நாள். காலைப் பூசை கண்டு திரும்பி, முன்விறாந்தையில் கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்திருக்கிறேன். கோயிலில் கிடைத்த பச்சை வளையல்களை மனைவி தன் கையில் ஏற்றிப் பார்த்தாள்; பின்பு இரண்டைக் கழற்றிக்கொண்டு மாட்டுக் கொட்டிலின் பக்கம் போனாள். பசுவின் கொம்புக்கு வளையல் சேராது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பசுவின் உடல் முழுவதும் சிவப்பு; அதனால் சிவலை என்பது அவளுக்குப் பெயர்போல ஆகிவிட்டது. குறிஞ்சாக்கேணியில் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் என் நண்பர் ஒருவர், தாயை இழந்த கன்றாக அவளை எங்கள் லிங்கநகர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் துறைமுக அலுவலகத்தில் வேலைபார்த்த காலந்தொட்டு எங்களுக்குள் பழக்கம். என்னிலும் சற்று மூத்தவர். ஆகையால் முஸ்லிம் மக்கள் அண்ணனை அழைக்கும் முறையில் நான் அவரைக் காக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். இரண்டு பேருக்கும் தலை நரைத்து வெகுகாலமாயிற்று என்பது எங்கள் இருவருக்குமே நினைவில் நிற்பதில்லை.

நான் விடியலில் எழுந்து நீராடித் திருநீறு பூசிப் பதிகம் பாடும்போது சிவலை கொட்டிலில் காதை முன்னே நீட்டிக்கொண்டு நிற்பாள். என் பாட்டைத்தான் கேட்கிறாள் என்று பலகாலம் உள்ளூர மகிழ்ந்திருந்தேன். "பாட்டு முடிஞ்சால்தான் நான் பால் கறக்க வருவன் எண்டு அவளுக்குத் தெரியும். என்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறாள்" என்பது மனைவியின் கட்சி. அவள் சொல்வதே சரியாக இருக்கலாம்.

சென்ற மாரிக்குப் பின் சிவலையின் இடக் கண்ணின் மூலையில் இளஞ்சிவப்பாக ஏதோ அரும்பியது. முதலில் நெல்மணியளவு. பின்பு மாதுளை முத்துப்போல் ஆயிற்று. கண்ணீர் ஓயாமல் வடிந்து கன்னத்து மயிரைக் கறுக்க வைத்தது. இலையான்கள் புண்ணை மொய்ப்பதை விட்டபாடில்லை. மனைவி ஆறவைத்த உப்புநீரால் நாள்தோறும் துடைத்துவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் நின்று, எனக்கும் கேட்கும்படியாகவே நேர்த்தி வைத்தாள்: சிவலையின் கண் சுகமானால், பங்குனி மாதத்துக் கடைசித் திங்கட்கிழமையன்று அவளுடைய பாலைக் கறந்து, தன் தலையிலேயே குடம் சுமந்து வந்து அம்மனுக்கு ஊற்றுவாள். அம்மனுக்கு உகந்த பங்குனித் திங்கள் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு எத்துணை நெருக்கமான நாள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கென்று சொன்ன சொல்லை அவர்கள் மாற்றமாட்டார்கள்.

கண் சுகமாகவில்லை. காக்கா தம் ஊர்ப் பிள்ளையான மிருக வைத்தியரை அழைத்து வந்தார். முக்காடிட்ட இளம்பெண்; சிரித்த முகம்; கையை முழங்கைவரை கழுவிக்கொண்டுதான் மாட்டைத் தொட்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார், என் முகத்தைப் பார்த்தல்ல.

"அம்மா, இது சும்மா சதை இல்ல. உள்ளுக்கு வேர்விடுற சாதி. இப்ப கண்ணை எடுத்தா மாடு இருக்கும். கண்ணை வெச்சிருந்தா மாடு இராது."

மனைவி சிவலையின் கன்னத்தில் வடிந்ததை முந்தானையால் துடைத்தாள். "சுகமாக்கித் தா எண்டுதானே அம்மாளாச்சியிட்டக் கேட்டனான். எடுத்துத் தா எண்டு கேக்கேல்லையே" என்றாள் கடைசியில். பிறகு அவளே அதற்கு விடையும் சொன்னாள்: "சரி. உயிர் தப்பினால் அதுவும் சுகந்தான். என்ர நேர்த்தி நேர்த்திதான்."

ஆகவே, அவள் கணக்கில் நேர்த்தி அப்படியே இருந்தது. கண் போனாலும் பால் போகவேண்டும்.

பங்குனித் திங்கள்கள் தொடங்கிவிட்டிருந்தன. ஒரு காலைப்பொழுதில் கொட்டிலிலேயே சத்திரசிகிச்சை நடந்தது. சிவலையின் தலையை மரத்தோடு சேர்த்துக் கட்டிக் கயிற்றைக் காக்கா பிடித்துக்கொண்டார். வைத்தியர் கத்தியை எடுக்குமுன் கழுத்தில் ஊசியொன்றைப் போட்டார்.

"விறைக்கிற ஊசியோ, டொக்டர்?" என்றேன்.

"இல்ல ஐயா. இது நோவுக்கு."

"இன்னும் வெட்டவே இல்லையே, பிள்ளை."

"அதுக்குத்தான் இப்பவே போடுறன். நோவு ஒருக்கா உடம்புக்குள்ள ஊறிட்டா, பிறகு எவ்வளவு மருந்து குடுத்தாலும் லேசில அடங்காது. முன்கூட்டியே மறிச்சா, கொஞ்ச மருந்தே காணும்."

அதன்பின் மயக்கம் சிறிது தரும் ஊசி. சிவலையின் தலை கனத்துத் தாழ்ந்தது. ஆனால் நின்றபடியே இருந்தாள். அதற்கும் பின்புதான் கண்ணைச் சுற்றிப் பல இடங்களில், உணர்வு மரத்து விறைக்கும் மருந்தைச் செலுத்தினார். செலுத்திவிட்டு ஒன்றும் செய்யாமல் கைகட்டி நின்றார். காக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"மகள், வெயில் ஏறுது. தொடங்கன்."

"மருந்துக்கு நேரம் குடுக்கணும், மாமா."

"எங்கட வாப்பா காலத்தில இந்தக் கூத்தெல்லாம் இல்ல. மாட்டுக்கு ஒரு வருத்தமெண்டா இரும்பைக் காய்ச்சி ஒரு சூடு. அதோட சரி."

வைத்தியர் ஊசிமுனையால் புருவத்து மேலே மெல்லத் தொட்டுப் பார்த்தபடி கேட்டார்: "போன வருசம் உங்கட கண்ணில வெள்ளை படர்ந்ததை எடுத்தாங்களே, மாமா. அதுக்கு முதல்ல உங்களுக்கும் சூடுதான் வெச்சாங்களோ?"

"எனக்கு மருந்து விட்டாங்க."

"ஏனாம்?"

"நான் மனிசனல்லோ."

"இவள் அதுக்கு உங்களைப்போல ஆசுபத்திரியில கத்தி ஊரைக் கூட்டமாட்டாள். அதுதான் வித்தியாசம்."

"நான் கத்தினதை உனக்கு ஆர் சொன்னது?" என்று காக்கா கேட்க, "மாமிதான்" என்றார் வைத்தியர். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கையில் கயிறு இருந்தபடியால் காக்காவுக்கு விலகிப் போகவும் வழியில்லை.

இமையைத் தொட்டபோது சிவலை சிமிட்டவில்லை. அதைக் கண்டபின்பே வைத்தியர் கத்தியைத் தொட்டார்.

நான் பசுவின் திமிலில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் தோண்டுவதைப் பார்க்க நேர்ந்தவனுக்கு, சைவ மரபில் வளர்ந்தவனுக்கு, எந்த அடியவர் நினைவுக்கு வருவார் என்று சொல்லவேண்டியதில்லை. காட்டில் இறைவனின் விழியில் குருதி கண்டு, அம்பினால் தன் விழியை அகழ்ந்து அப்பிய வேடர். அவர் வரலாற்றைச் சிறுவயது முதல் ஓதியிருக்கிறேன், ஓதுந்தோறும் கண்கலங்கியிருக்கிறேன். அவருடைய அன்பை எண்ணியே கலங்கினேன். அவருக்கு எவ்வளவு நொந்திருக்கும் என்ற எண்ணம் அன்றைக்கு, அந்தக் கொட்டிலில், சாணமும் மருந்தும் கலந்த மணத்துக்கிடையில்தான் முதன்முதலாக என்னிடம் வந்தது. இரண்டாவது விழிக்கும் அவர் அம்பை எடுத்தார். முதல் விழியின் நோவு என்னவென்று அறிந்தபின்பு எடுத்தார். அதனால்தான் இறைவன் பதறிக் கையைப் பிடித்தான்போலும். நோவது எதையும் பார்த்துக்கொண்டிருக்க அவனால் ஏலாது என்று அப்போது எனக்குப் பட்டது. புலவர்கள் ஒப்புவார்களோ, அறியேன்.

என் கைக்குக் கீழே சிவலையின் உடல் ஒருமுறையேனும் திடுக்கிடவில்லை. வைத்தியர் இமைகளைச் சேர்த்துத் தைத்து முடித்தபோது, அவள் ஏதோ நீண்ட உறக்கத்தில் பாதியில் நிற்பவள்போலக் காது தளர்ந்து நின்றாள்.

கைகழுவும்போது வைத்தியர் பாலைப் பற்றிச் சொன்னார். மருந்து இறங்கும்வரை பாலை எவரும் குடிக்கலாகாது. கறந்து கொட்டிவிட வேண்டும். மனைவி உடனே கேட்டாள்: "கடைசித் திங்களுக்குள்ள தெளிஞ்சிடுமோ?"

வைத்தியர் விரல்விட்டு எண்ணினார். "இண்டைக்குப் போட்டதெல்லாம் அதுக்குள்ள இறங்கிரும். ஆனா நோவு ஊசியை இன்னொருக்காப் போட வேண்டி வரும் எண்டு நினைக்கிறன். போட்டா, அந்தத் திங்கள் பால் கூடாது."

"கட்டாயம் போடத்தான் வேணுமோ?"

"நோவு இருந்தாப் போடத்தான் வேணும், அம்மா. ரெண்டு நாள் போகட்டும். பார்த்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொல்வது எளிது என்றே நாங்கள் எண்ணினோம். நொந்தால் மாடு கத்தும். கத்தினால் வைத்தியரை அழைப்போம்.

முதல்நாள் புல் தின்றாள். மறுநாள் கொஞ்சம் குறைத்துத் தின்றாள். அதற்கடுத்த காலையில் நான் பாடி முடித்து எட்டிப் பார்த்தபோது கொட்டிலின் மூலையில் சுவரைப் பார்த்து நின்றாள். ஒரு சத்தமில்லை. "பாருங்கோ, எவ்வளவு சாந்தமாய் நிக்கிறாள்" என்றாள் மனைவி. காக்கா வைக்கோல் கொண்டுவந்தார். அவரும் பார்த்துவிட்டு, "நோவிருந்தா இந்தக் குமரி லிங்கநகரையே எழுப்பியிருப்பாள்" என்றார். கிட்டப்போனபோது தாடை அசையும் அரவம் கேட்டது. அசைபோடுகிறாள் என்று மூவரும் மனம் நிறைந்தோம். பசு அசைபோட்டால் பசுவுக்கு ஒரு குறையுமில்லை என்பது மாடு வளர்க்கும் எவருக்கும் தெரியும். மனைவி குசினிக்குள் போய், திங்களுக்கு எடுத்துப்போக வேண்டிய பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் வைத்தியர் தொலைபேசியில் அழைத்தார். மனைவி எல்லாவற்றையும் மகிழ்ச்சியாகச் சொன்னாள். மறுமுனையில் அவர் கேட்டதை அவள் எனக்காகத் திருப்பிச் சொன்னாள்: "அசைபோடேக்க கழுத்தில உருண்டை ஏறி வருதோ எண்டு கேக்கிறா."

போய்ப் பார்த்தோம். அசைபோடும் பசுவின் கழுத்தில், வயிற்றிலிருந்து திரும்பி வரும் கவளம் ஒன்று கீழிருந்து மேலே ஏறுவதைக் கண்ணால் காணலாம். ஏறியபின்புதான் தாடை அரைக்கும். மனைவி சிவலையின் கழுத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்து நின்றாள். ஒன்றும் ஏறவில்லை. தாடை மாத்திரம் அரைத்துக்கொண்டிருந்தது. வாய்க்குள் ஒன்றுமில்லை. நோவில் பல்லைப் பல் நெரிக்கும் அரவத்தைத்தான் நாங்கள் கேட்டு மகிழ்ந்திருந்தோம்.

மனைவி தொலைபேசியில் மெதுவாகச் சொன்னாள்: "ஏறேல்லை, டொக்டர்." ஊசி போட வரவா என்று அவர் கேட்டார்போலும்; "பின்னேரம் சொல்லுறன்" என்று வைத்துவிட்டாள்.

ஏன் பின்னேரம் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு அந்தப் பொழுது வேண்டியிருந்தது. சொன்ன சொல் ஒருபுறம், சொல்லில்லாத சீவன் மறுபுறம். நான் இடையில் புகுந்து ஏதும் சொல்லியிருந்தால், அம்மனுக்கு அவள் கொடுத்த வாக்கை நான் உடைத்ததாக ஆகியிருக்கும். விளக்கிய குடத்தைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். பின்பு வாளியை எடுத்துக்கொண்டு கறக்கப் போனாள். கொட்டுவதற்குத்தான் என்றாலும் கறக்காமல் விடமுடியாது.

மடியில் கை வைத்தாள். வழக்கமாக அவள் கை பட்டதும் பால் சுரந்துவிடும். சில நாட்களில் கை படுமுன்னரே காம்பில் துளி நிற்கும். அன்று நீவி நீவிப் பார்த்தாள். மடி நிறைந்துதான் இருந்தது, பால் இறங்கவில்லை. மாடு பாலை ஒளிக்கிறது என்பார்கள். புதியவர் கறக்க வந்தால் ஒளிக்கும். நாய் குரைத்தால் ஒளிக்கும். என் மனைவிக்குச் சிவலை ஒருநாளும் ஒளித்ததில்லை.

அவள் எழுந்து நின்று, பசுவின் முகத்தைத் தன் பக்கம் திருப்ப முயன்றாள். சிவலை தையலிட்ட பக்கத்தைக் கொடுக்காமல் விலக்கிக்கொண்டாள். காதுகள் பின்னே மடிந்திருந்தன. மூக்குத்துளை விரிந்து இறுகியிருந்தது.

"இஞ்சருங்கோ, டொக்டரை வரச்சொல்லுங்கோ" என்றாள். "பின்னேரம் இல்லை. இப்ப."

வைத்தியர் வந்து ஊசியைப் போட்டார். மனைவி அவர் அருகில் நின்று கேட்டாள்: "இவ்வளவு நோவை வைச்சுக்கொண்டு ஏன் பிள்ளை ஒருக்கால் கூடக் கத்தேல்லை? நானெல்லோ பக்கத்திலயே நிண்டனான்."

தெருக்களில் திரியும் எங்கள் ஊர் மான்களைப் பற்றி அயலூரார் வியந்து பேசுவார்கள். எங்களுக்கு அவை வேலிக்கு வெளியே நிற்கும் அயல்வீட்டுக்காரர். சிவலைக்கு இட்ட புல்லில் பங்கு கேட்டு இரண்டு அப்போதும் நின்றன. வைத்தியர் அவற்றைக் காட்டினார்.

"இதுகளும் இவளும் ஒரு கூட்டந்தான், அம்மா. புல் தின்னுற சீவன் நோவைக் காட்டினா, அதைத்தான் முதல்ல புலி பிடிக்கும். அதால மறைக்கப் பழகிட்டுதுகள். உங்களுக்கெண்டு மறைக்கேல்ல. மறைக்கிறது அதுகளிட ரத்தத்திலேயே இருக்கு."

"பாலைத் தராமல் எனக்குச் சொல்லிப்போட்டாள்" என்றாள் மனைவி.

வைத்தியர் அவளை ஒரு கணம் பார்த்தார். "ஓம் அம்மா. சொல்லித்தான் இருக்கிறாள்."

நண்பகல் கடந்து, வெயில் சாயத் தொடங்கியபோது சிவலை மூலையை விட்டு வெளியே வந்தாள். தண்ணீர் குடித்தாள். நான்கு வாய் வைக்கோல் இழுத்தாள். பிறகு முன்கால்களை மடக்கிப் படுத்தாள். மனைவி வேலையை விட்டுவிட்டு எதிரே பலகையில் குந்தியிருந்தாள். அதன்பின் வெகுநேரம் சென்று அவள் என்னைக் கூப்பிட்டாள். குரலில் ஒரு பதற்றமுமில்லை. போய்ப் பார்த்தேன். சிவந்த கழுத்தின் அடியிலிருந்து மெல்ல மெல்ல ஓர் உருண்டை மேலே ஏறிற்று. தாடை இடப்பக்கம் போய் வலப்பக்கம் வந்தது. எத்தனையோ தலங்களில் எத்தனையோ தரிசனங்கள் கண்டிருக்கிறேன். அவற்றோடு இதையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.

செய்தி கேட்டுக் காக்கா வந்தார். திங்கட்கிழமையை அவரும் மறக்கவில்லை. "தங்கச்சி, விடிய என்ட பட்டியிலயிருந்து பால் கொண்டந்து தாறன். வெள்ளைதானே? அம்மன் நிறம் பிரிச்சா பார்க்கப்போகுது?"

"உங்களுக்குப் பதிலாய் எங்கட வீட்டு மனிசன் நோன்பு பிடிச்சால் சரியோ, காக்கா?"

காக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவர் பத்து மணித் தேத்தண்ணி இல்லாமலே தாங்கமாட்டாரே."

"அப்ப பேசாமல் இருங்கோ."

"நான் வாயைத் திறக்கல்ல" என்று அவர் வைக்கோலை அவிழ்க்கப் போய்விட்டார்.

கடைசித் திங்களும் வந்தது. தெருவழியே மேளத்தோடு பால்குடங்கள் போயின. மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகத் தெரிந்த முகங்கள் பல. "வரேல்லையோ அக்கா?" என்று ஒருத்தி வேலிக்கு மேலால் கேட்டாள். "பின்னேரம் வாறன்" என்று மட்டும் சொன்னாள் மனைவி. மேளச் சத்தத்துக்குச் சிவலை மிரளாமலிருக்க, கண்ணில்லாத பக்கம் போய் நின்று, கழுத்தில் கை வைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் இருவரும் கோயிலுக்குப் போனோம். கூட்டம் கலைந்திருந்தது. கழுவிய தரையில் பாலின் மணம் இன்னும் தங்கியிருந்தது. அவள் கையில் ஒன்றுமில்லை. ஒரு பூக்கூட வாங்கவில்லை. அம்மனுக்கு நேரே நின்று, அயல்வீட்டுப் பெண்ணோடு கதைப்பதுபோலக் கதைத்தாள்.

"பால் கொண்டு வரேல்லை, அம்மா. அவளுக்கு நோகுது, ஊசி போட்டிருக்கு. அந்தப் பாலை உனக்கு ஊத்த ஏலாது. வேற மாட்டின்ர பாலைக் கொண்டு வந்து உன்னை ஏமாத்தவும் மாட்டன். வாற பங்குனிக்கு அவள் இருப்பாள், நானும் இருந்தால் கொண்டு வாறன். நான் இல்லாட்டில் இவரைப் பிடிச்சுக்கொள்."

நான் பக்கத்தில் நின்றேன். மனத்தில் எத்தனையோ பாடல்கள் இருந்தன. ஒன்றையும் வெளியே எடுக்கத் தோன்றவில்லை; அவள் சொல்லி முடித்த இடத்தில் நான் சேர்க்க வேண்டியது ஏதுமில்லை. ஐயர் தீபத்தைக் காட்டினார். அவள் கும்பிட்டுவிட்டு, "கெதியாய் நடவுங்கோ, இருட்டமுதல் புண்ணுக்கு மருந்து பூசவேணும்" என்று எனக்கு முன்னே படியிறங்கினாள்.

இதை வாசிக்கும் அனைவரும் நோயற்று வாழ்க. உங்கள் இல்லத்தில் உங்களை நம்பி நிற்கும் வாயில்லாச் சீவன்கள் நோவின்றி உண்டு, நோவின்றி உறங்குக. அவற்றின் உடலில் கத்தி வைக்க நேர்ந்தால், வைக்கும் கை பொறுமையுள்ள கையாக அமைக. பக்கத்தில் நிற்போருக்கு அவற்றின் மௌனத்தைப் படிக்கும் கண்ணை அம்மை அருளுக. மாரி பொய்யாதிருக்க, புல் தழைக்க, மடிகள் நிறைக. எல்லாரும் நன்றாயிருங்கள்.